இருபத்திரண்டாவது பட்டன்

யாகோப்பு டப்லெட் திரையின் கீழ் மூலையை மூன்றாவது தடவையாக விரலால் தட்டினார். அங்கே பட்டன் எதுவும் இல்லை. வெறும் நீலம்தான்.

“என்னப்பா, தண்ணியோ?” என்று மகள் ஜெசிதா கேட்டாள்.

தண்ணீர் இல்லை. தண்ணீருக்கு ஒரு பட்டன் இருந்தது. நோவுக்குச் சிவப்பில் ஒன்று. புரட்டிப் படுக்கவைக்க, ஃபானை நிற்பாட்ட, மனைவி இராசாத்தியைக் கூப்பிட என்று மொத்தம் இருபத்தொன்று. எதை அழுத்தினாலும் அவருடைய சொந்தக் குரலே பேசும். தொண்டையில் ஒப்பரேசன் செய்தால் குரல் போய்விடும் என்று டொக்டர் சொன்ன கிழமையில், ஜெசிதா அவரை உள்ளறையில் இருத்தி, ஒவ்வொரு வசனமாகக் கைபேசியில் பதிந்திருந்தாள். பக்கத்துத் திருநெல்வேலியில் அவள் படிக்கும் பல்லூடக வகுப்புக்கு ஒரு செயற்றிட்டம் கொடுக்கவேண்டியிருந்தது. மற்றவர்கள் விளையாட்டுகள் செய்தார்கள். அவள் அப்பாவுக்கு ஒரு வாய் செய்தாள்.

விரல் மீண்டும் அதே மூலைக்குப் போனது. இந்தமுறை அவளுக்கு விளங்கியது.

பதிவின் கடைசியில் அவர் இன்னொரு வசனமும் பேசியிருந்தார். பேசி முடித்ததும், “உதுக்குப் பட்டன் போடாதை. நான் சொல்லேக்கை போடு,” என்றார். அவள் அதை மென்பொருளின் நூலகத்துக்குள் போட்டுவைத்தாள். நூலகத்தில் எத்தனை படமும் குரலும் கிடந்தாலும் பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது, மேடை எனும் திரைப்பரப்பில் எடுத்து வைத்தால்தான் உண்டு என்று முதல் வகுப்பிலேயே சொல்லியிருந்தார்கள். ஏழு மாதமாக அந்த வசனம் அங்கேயே கிடந்தது.

அது அண்ணன் ஜெரிசனுக்கானது. நான்கு வருடங்களுக்கு முன், சுன்னாகத்துச் சைவக் குடும்பத்துத் தர்சினியைப் பதிவுத் திருமணம் செய்து குருநகர் வீட்டுக்குக் கூட்டிவந்தபோது, அப்பா வாசல் படலையை மறித்து நின்று, “இனி இதுக்குள்ளை கால் வைக்கப்படாது,” என்றார். அவன் வைக்கவில்லை. ஒப்பரேசன் நாளில் ஆசுப்பத்திரி விறாந்தை வரைக்கும் வந்து, அங்கேயே நின்றுவிட்டுத் திரும்பிப் போனான்.

ஜெசிதா மடிக்கணினியைக் கட்டிலருகே வைத்துத் திறந்தாள். மேடையின் மூலையில் ஒரு சதுரம் வரைந்து அதைப் பட்டனாக்கினாள். கட்டளை கொடுக்காதவரை அது வெறும் படம். அழுத்தினால் எந்தக் குரல் ஒலிக்கவேண்டும் என்று எழுதினாள். ஓர் எழுத்துப் பிழைத்தது, பார்த்துத் திருத்தினாள்.

“அண்ணையின்ரை பேரையே போடட்டோ அப்பா?”

அவர் கண்ணை மூடித் திறந்தார். ஓம் என்றால் அப்படித்தான்.

செய்த மாற்றம் இன்னும் மடிக்கணினிக்குள்தான் இருந்தது. அதை வெளியீடாக்கி டப்லெட்டுக்கு மாற்றவேண்டும். பச்சைக் கோடு மெதுவாக நகர்ந்தது. அந்த இடைவெளியில் அவள் அண்ணனுக்கு அழைப்பெடுத்தாள்.

“அண்ணை, அப்பாவுக்குக் கடுமை. உங்களை வரட்டாம்.”

“அவர் கேட்டவரோ, நீயாச் சொல்லுறியோ?” என்றான்.

“அவர்தான்.”

“தர்சினி?”

“அவவையும்தான்.”

டப்லெட்டைக் கையில் கொடுத்ததும் யாகோப்பு புதிய பட்டனை ஒருதடவை அழுத்தினார். தன் குரலைக் கடைசிவரை கேட்டார். பிறகு டப்லெட்டை நெஞ்சில் கவிழ்த்து அதன்மேல் கையை வைத்துக்கொண்டார். காலை பத்தரை மணிபோல், உதட்டை நனைக்க இராசாத்தி ஈரத்துணியோடு வந்தபோது மூச்சு நின்றிருந்தது.

ஜெரிசன் வந்தபோது முற்றத்தில் அயலவர்கள் கூடிவிட்டார்கள். அவன் மோட்டார் சைக்கிளைப் படலைக்கு வெளியே நிறுத்திவிட்டு அப்படியே நின்றான். பக்கத்தில் தர்சினி.

“உள்ளை வா தம்பி,” என்றார் ஒரு பெரியவர்.

“கால் வைக்காதை எண்டவர் அவர். இனி ஆர் வா எண்டுறது?”

ஜெசிதா டப்லெட்டோடு வாசலில் நின்றாள். இது அப்பாவின் விரலுக்கென்று செய்த பட்டன். தான் அழுத்தினால் அது யாருடைய பேச்சு என்று அவளுக்குத் தெரியவில்லை. இராசாத்தி அவ்வளவு யோசிக்கவில்லை. மகளின் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டு படலைக்குப் போனாள். கண்ணாடி போடாத கண்ணால் திரையைத் தூரப்பிடித்து, ஒன்றை அழுத்தினாள்.

“யன்னலைச் சாத்து. வெயில் முகத்திலை அடிக்குது,” என்றது யாகோப்பின் குரல்.

உள்ளே, உடலின் பக்கத்தில் இருந்த பெண்ணொருத்தி எழுந்து யன்னலைச் சாத்துவது கேட்டது.

“எது பிள்ளை?” என்றாள் இராசாத்தி. டப்லெட்டை மகளின் பக்கம் நீட்டினாள்.

ஜெசிதா போய்ச் சரியானதை அழுத்தினாள்.

“ஜெரிசன், உள்ளை வா. அந்தப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா. வெளியிலை நிக்காதையுங்கோ.” ஒரு செருமல். அதற்குப் பிறகு, “காணுமே பிள்ளை?”

பதிந்தது போதுமா என்று அன்று அவளிடம் கேட்டது அது. பதிவின் அந்த வாலை வெட்ட அவளுக்கு நேரம் கிடைத்திருக்கவில்லை.

“காணும் அப்பா,” என்றாள் ஜெசிதா. பக்கத்தில் நின்றவர்களுக்குக்கூடக் கேட்டிருக்காது.

முதலில் தர்சினிதான் செருப்பைக் கழற்றினாள். படலையைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, திரும்பி ஜெரிசனின் கையைப் பிடித்தாள்.

மறுநாள் பின்னேரம் சவப்பெட்டியைத் தூக்க நான்குபேர் நின்றார்கள். மூன்றுபேர் யாகோப்போடு கடலுக்குப் போய்வந்தவர்கள், கட்டையான ஆட்கள். ஜெரிசன் அவர்களைவிட ஒரு சாண் உயரம். அவன் நிமிர்ந்தால் பெட்டி சரியும். பூசைக்குக் கோயில் வரைக்கும், பிறகு அங்கிருந்து புதைக்கிற சேமக்காலை வரைக்கும், அவன் முழங்காலை மடித்தபடியே நடந்தான்.