வகுப்பில் பேசிய குற்றம்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோதுதான் அம்மாவுக்குப் பள்ளியிலிருந்து போன் வந்தது. வகுப்பு டீச்சரின் குரல் விறைப்பாக இருந்தது.

"உங்க பொண்ணு விஷயமாப் பேசணும். கொஞ்சம் வந்துட்டுப் போங்க."

பள்ளியிலிருந்து வந்த போன் எதுவும் இதுவரை நல்லதுக்கு வந்ததில்லை. ஒரு தடவை நடைவண்டியோடு படியில் சரிந்துவிட்டாள். இன்னொரு தடவை, மதியம் முழுக்க அழுகிறாள், எதற்கென்று யாருக்கும் புரியவில்லை, கூட்டிப் போங்கள் என்றார்கள். கடைசியில் பார்த்தால் செருப்புக்குள் ஒரு கல்.

மகளுக்கு ஒன்பது வயது. பிறந்ததிலிருந்தே கைகாலும் நாக்கும் அவள் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. புத்தியெல்லாம் கூர்மைதான், வாய்க்குள் நிறைந்திருப்பது வெளியே வராது, அவ்வளவுதான். வாரத்துக்கு இரண்டு நாள் அந்த அரசுப் பள்ளிக்கு வரும் சிறப்பு டீச்சர், மூன்று வருஷம் விடாப்பிடியாக நின்று அவளுக்கு ஒரு பேசும் பலகை வாங்கிக் கொடுத்திருந்தார். திரையில் படமும் எழுத்தும் இருக்கும். தொட்டால் பலகை சத்தமாகச் சொல்லும், செய்தி வாசிப்பவரின் கணீர்க் குரலில்.

வீட்டில் அவள் அதில் "தண்ணீர்", "தூக்கம்", "வேண்டாம்" என்பதைத் தாண்டியதில்லை.

அரக்கப்பரக்கப் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தபோது, ஆசிரியர் அறையில் இரண்டு டீச்சர்களும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் மகள். முகத்தில் அழுகை இல்லை, உடம்பில் அடி இல்லை. அம்மாவுக்குப் பாதி உயிர் திரும்பியது.

"என்னாச்சு டீச்சர்?"

"வகுப்புல பேசறா" என்றார் வகுப்பு டீச்சர்.

அம்மாவுக்குக் காதில் விழுந்தது மண்டையில் ஏறவில்லை. "யாரு?"

"உங்க பொண்ணுதான்! ஓயாம பேச்சு. நேத்து நான் பாடம் நடத்தும்போது, 'டீச்சர் புடவையில் சுண்ணாம்பு'ன்னு அறிவிக்கிறா. இன்னைக்கு கணக்குப் பரீட்சை. ஊசி விழுந்தா கேக்கும், அவ்வளவு அமைதி. பக்கத்துல இருக்கிற கண்ணாடிக்காரி இவளப் பாத்து என்னமோ சைகை காட்டியிருக்கா. உடனே பலகை, 'நாற்பத்தாறு'ன்னு ஊருக்கே கேக்கறாப்பல சொல்லுது. முப்பத்தோரு பிள்ளைங்களும் அதையே எழுதி வச்சிருக்காங்க."

மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: "அதுவும் தப்பான விடை! ஆறு எட்டு நாற்பத்தெட்டு."

சிறப்பு டீச்சர் சிரிப்பை அடக்கப் பட்ட பாட்டில் அவருக்கு இருமல் வந்துவிட்டது.

அம்மா மகள் பக்கம் திரும்பினாள். "ஏண்டி சொன்ன?"

மகளின் விரல் நடுங்கி நடுங்கித் திரையில் இறங்கியது. "அவள் என்னைக் கேட்டாள்."

இத்தனை வருஷத்தில் இவளுக்கு எல்லோரும் உதவி செய்திருக்கிறார்கள். இவளிடம் வந்து ஒருத்தி உதவி கேட்டது இதுதான் முதல் தடவை.

"வகுப்புல இவளுக்கு 'ரேடியோ'ன்னு பட்டப்பேரு வேற" என்றார் வகுப்பு டீச்சர்.

அம்மாவின் முகம் சுருங்குவதைப் பார்த்த சிறப்பு டீச்சர் முந்திக்கொண்டார். "கேலியில்லம்மா. நோட்டு மேல இவளே அதை எழுதச் சொல்லி ஒட்டிக்கிட்டா."

"பரீட்சை நேரத்துல மட்டும் பலகைய வாங்கி வச்சுக்கட்டுமா?" என்று கேட்டார் வகுப்பு டீச்சர்.

"மத்த பிள்ளைங்க வாயக் கழட்டி வச்சுட்டா பரீட்சை எழுதறாங்க?" என்றார் சிறப்பு டீச்சர். "சத்தத்தக் குறைக்க இப்பவே கத்துக் குடுக்கறேன். அது என் வேலை."

வகுப்பு டீச்சர் யோசித்தார். அவரும் கல்நெஞ்சக்காரர் இல்லை. "அதுவும் சரிதான். ஆனா தண்டனை? இவளுக்குப் போய் எப்படிக் குடுக்கறதுன்னுதான் கையப் பிசையறேன்."

"மத்த பிள்ளைங்க பேசினா என்ன செய்வீங்க?" என்று கேட்டாள் அம்மா.

"இடைவேளைக்கு விடமாட்டேன். ஆறாம் வாய்ப்பாட்டப் பத்து தடவை எழுதணும்."

"அப்ப அதையே குடுங்க டீச்சர். ஒண்ணுகூடக் குறைக்காதீங்க. திரையில தட்டித் தட்டி எழுதட்டும்."

மகள் அம்மாவை முறைத்தாள். விரல் விருட்டென்று பாய்ந்தது. "அநியாயம்!"

மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அடங்கியதும் சிறப்பு டீச்சர் ஒரு காகிதத்தை எடுத்தார். மகளுக்காக ஒவ்வொரு வருஷமும் எழுதும் திட்டம் அது. முதல் மூன்று வருஷமும் முதல் வரி ஒன்றேதான்: 'தன் தேவையைப் பிறருக்குத் தெரிவிக்கப் பழக்குதல்.' இந்த வருஷத்துக்கு அதை அடித்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்துக்கொண்டே புதிதாக எழுதினார்: 'தேவையான நேரத்தில் வாயை மூடிக்கொண்டிருக்கப் பழக்குதல்.'

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு அதில் கையெழுத்துப் போட்டாள்.

இடைவேளை மணி அடித்தபோது ஒரு பிள்ளைகூட வெளியே ஓடவில்லை. கேட்டு எழுதிய முப்பத்தோரு பேருக்கும் அதே தண்டனை. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள் அம்மா. எல்லாத் தலையும் குனிந்திருந்தது. கண்ணாடிக்காரி ரேடியோவின் காதில் ஏதோ கிசுகிசுக்க, இரண்டும் தோள் குலுங்கச் சிரித்தன.

மகள் நிமிர்ந்தாள். ஜன்னலில் அம்மாவைக் கண்டதும் வெட்கத்தில் காது சிவந்தது. தட்டினாள். பலகை, கற்றுக்கொண்ட புதுப் பாடத்தோடு, மெல்லமாகச் சொன்னது.

"அம்மா, எல்லோரும் பார்க்கிறார்கள். கிளம்பு."

"போறேண்டி, போறேன்" என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி வாசலை நோக்கி நடந்தாள் அம்மா.