அடுத்த சுற்றுக்கு

தேனியில் அந்த ஆலோசனை மையத்தின் கண்ணாடிக் கதவில் பூட்டுத் தொங்குவதைப் பார்த்தும் நாகஜோதி கதவைத் தட்டிக்கொண்டே இருந்தாள். பக்கத்தில் நின்ற மகள் மாரீஸ்வரி மறுபடியும் செல்போனைக் காதில் வைத்தாள். ஆலோசகரின் போன் அணைத்து வைக்கப்பட்டிருப்பதாக மறுபடியும் அதே குரல்தான் வந்தது.

பொறியியல் கலந்தாய்வில் எந்தக் கல்லூரி, எந்தப் பாடம் வேண்டும் என்று வரிசைப்படுத்திக் கொடுக்கும் நேரம் அன்று சாயங்காலம் ஐந்து மணியோடு முடிகிறது. அதையெல்லாம் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார் ஆலோசகர் சுரேஷ்கண்ணன். பாஸ்வேர்டு அவரிடம். விண்ணப்பத்தில் கொடுத்திருந்த செல் நம்பரும் அவருடையதுதான். ஓடிபி வந்தால்கூட அவருக்குத்தான் போகும்.

பள்ளிக்கூடத்தில் இயற்பியல் டீச்சர் இதை இலவசமாகவே செய்து தருவதாகச் சொன்னார். போடிப் பக்கம் அரசுக் கல்லூரியிலேயே உதவி மையம் இருக்கிறது, ஒரு பைசா வாங்கமாட்டார்கள் என்றும் சொன்னார். நாகஜோதிதான் பிடிவாதம் பிடித்தாள். எட்டாவதோடு அவள் படிப்பு நின்றபோது அடுத்து என்ன என்று எடுத்துச் சொல்ல ஒருவரும் இல்லை. மகளுக்கு அப்படி ஆகிவிடக் கூடாது என்ற வெறி அவளுக்கு. "சும்மா செஞ்சு குடுக்குறவுக அக்கறையாவா செய்வாக?" என்று கேட்டு, காமயகவுண்டன்பட்டியிலிருந்து பஸ் ஏறி, ஏசி போட்ட இந்த அறையில் மகளைக் கொண்டுவந்து உட்காரவைத்தவள் அவளேதான்.

"அம்மா, இங்கன நின்னு என்ன செய்ய? போடிக்குப் போவோம்" என்றாள் மாரீஸ்வரி.

போடி பஸ் ஊர்ந்தது. ரயில்வே கேட் மூடியிருந்தது. இறங்கி ஓடிவிடலாமா என்றிருந்தது நாகஜோதிக்கு. எங்கே ஓட? மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, அழுவது தெரியாமல் இருக்கத் துப்பட்டாவால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கரண்டு சம்பந்தப்பட்ட படிப்புதான் வேண்டும், அதுவும் அரசுக் கல்லூரியில் வேண்டும் என்று ஒன்பதாம் வகுப்பிலிருந்தே சொல்லிவந்தவள்.

உதவி மையத்தில் கூட்டம் நெருக்கியது. பொறுப்பில் இருந்த பேராசிரியை ஜெபஷீலா முழுதும் கேட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"பாஸ்வேர்டை ஏம்மா வெளியாளுகிட்டக் குடுத்தீங்க?"

"தெரியாமச் செஞ்சுட்டேன் மேடம். உங்க கால்ல வேணாலும் விழுகுறேன். எம்புள்ளைக்கு வழி சொல்லுங்க."

"அதெல்லாம் வேணாம், ஆதாரைக் குடுங்க. நம்பர் மாத்தச் சொல்லி சென்னை ஆபீசுக்கு அனுப்புறேன். அங்க ஒத்துக்கிட்டாத்தான் உள்ள போக முடியும்."

அனுப்பினார். சென்னைக்கு போன் போட்டார். லைன் கிடைக்கவில்லை. மறுபடியும் போட்டார். நாகஜோதி சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பதும் கணினித் திரையைப் பார்ப்பதுமாக நின்றாள். அனுமதி வந்தபோது ஐந்து மணி தாண்டியிருந்தது.

உள்ளே போய்ப் பார்த்தார்கள். சுரேஷ்கண்ணன் விருப்ப வரிசையை முன்பே பதிவு செய்துதான் வைத்திருந்தார். மூன்றே மூன்று கல்லூரிகள். மூன்றும் ஒரே நிர்வாகத்தின் தனியார் கல்லூரிகள். அரசுக் கல்லூரி ஒன்றுகூட இல்லை.

"ஆள் சேத்துவிட்டா இவங்களுக்குக் கமிஷன் உண்டு" என்றார் ஜெபஷீலா தாழ்ந்த குரலில்.

மாரீஸ்வரி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நாகஜோதி தன் நெற்றியில் ஓங்கி ஓங்கி அடித்துக்கொண்டாள். ஜெபஷீலாதான் எழுந்துவந்து அவள் கையைப் பிடித்தார்.

"இன்னும் ஒரு வழி இருக்கு. இதுல ஒரு காலேஜை ஒதுக்குவாங்க. அதை வேணாம்னு சொல்லிட்டு அடுத்த சுற்றுக்குப் போகலாம். ஆனா நல்ல எடமெல்லாம் இந்தச் சுற்றுலயே போயிரும். மிச்சம் என்ன இருக்கும்னு நான் உறுதி சொல்லமுடியாது. ஒண்ணுமே கிடைக்காமலும் போகலாம்."

எதிர்பார்த்தபடியே அந்தக் கல்லூரிகளில் ஒன்று ஒதுக்கீடாக வந்தது. அது வந்த கையோடு சுரேஷ்கண்ணனின் போனும் வந்தது.

"கங்கிராட்ஸ்ம்மா! நல்ல காலேஜ். உடனே அக்செப்ட் குடுத்துருங்க."

"அன்னைக்கு எங்க சார் போயிருந்தீக? நாங்க ஒங்க கதவத் தட்டிக்கிட்டுக் கெடந்தோம்."

"ஒரு கல்யாணம்மா. சரி, இதை வேணாம்னு விட்டீங்கன்னா பிள்ளைக்கு ஒரு வருசம் வீணாப்போயிரும். அப்புறம் என்னையக் கொறை சொல்லக்கூடாது."

நாகஜோதி போனை வைத்தாள். ஆனால் அவர் சொன்னது நெஞ்சுக்குள் போய்க் குத்தி நின்றது. குமுளிக்கு மேலே ஏலத்தோட்டத்தில் ஜீப் ஓட்டும் கணவன் கர்ணனைக் கூப்பிட்டாள். சிக்னல் விட்டுவிட்டு வந்தது.

"கெடச்சதுல சேத்துவிடு. ஒன்னும் இல்லாம வீட்ல ஒக்காந்தா எல்லாரும் என்ன கேப்பாக?"

"அந்தக் காலேஜ்ல லேபே கெடையாதாம்ங்க. படிச்ச பிள்ளைக சொல்லுதுக."

"அப்ப எதுக்குத் தேனிக்குக் கூட்டிட்டுப் போன?"

போனைப் பிடித்தபடி, தான் கூலிக்குப் போகும் தோட்டத்தின் திராட்சைப் பந்தலுக்குக் கீழே குத்தவைத்து உட்கார்ந்தாள் நாகஜோதி. பழம் வெட்டிக்கொண்டிருந்த பெண்கள் பார்க்கிறார்களே என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னாள்: "ஆத்தா, அப்பா சேரச் சொல்றாக. எனக்கு ஒண்ணும் ஓடல. எது சொன்னாலும் தப்பாப் போயிருமோன்னு பயமாயிருக்கு."

மாரீஸ்வரி செல்போனில் கலந்தாய்வுப் பக்கத்தைத் திறந்தாள். "எனக்கும் பயந்தாம்மா. ஆனா அங்கன போயி நாலு வருசம் என்னால இருக்க முடியாது" என்றவள், தாயின் முகத்தைப் பார்க்காமல், 'வேண்டாம், அடுத்த சுற்று' என்பதை அமுக்கினாள்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் நாகஜோதிக்கு நரகம். தன் பேச்சைக் கேட்கவில்லை என்ற கோபத்தில் கர்ணன் போனை எடுப்பதே இல்லை. தோட்டத்தில் குலைக்குப் பதிலாக விரலை வெட்டிக்கொண்டாள். அடுத்த சுற்றுக்கான வரிசையைத் தாயும் மகளும் ஜெபஷீலாவின் முன்னால் உட்கார்ந்துதான் கொடுத்தார்கள். போன வருடம் எந்த மதிப்பெண்ணுக்கு எங்கே இடம் கிடைத்தது என்ற விவரம் எல்லோரும் பார்க்கும்படி இணையத்திலேயே இருந்தது. பேராசிரியை அதை எடுத்துக் காட்ட, மாரீஸ்வரியே ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்தாள். தெரிந்த ஊர், தெரியாத ஊர் எல்லாவற்றையும் கொடுத்தாள்.

முடிவு வந்த அன்று மாரீஸ்வரி திரையைத் திறந்து பார்த்துவிட்டுச் செல்போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"என்னடி? வாயத் தொறந்து சொல்லு."

"கரண்டு கெடைக்கலம்மா. மெக்கானிக்கல். கிருஷ்ணகிரிப் பக்கம்."

"கவர்மெண்டு காலேஜா?"

"ஆமா." சொல்லும்போதே உதடு கோணிக்கொண்டு அழுகை வந்தது. அழுதுகொண்டே ஏற்றுக்கொள்வதாகக் கொடுத்தாள்.

கிருஷ்ணகிரி எந்தத் திசையில் இருக்கிறது என்று நாகஜோதிக்குத் தெரியாது. மகள் ஆசைப்பட்ட படிப்பு தன்னால்தான் போனது என்பது மட்டும் தெரிந்தது. அதை வாய்விட்டுச் சொன்னாள்.

"போச்சும்மா. அழுதா வருமா?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள் மாரீஸ்வரி. "அப்பாகிட்ட நீ பேசு. என் போனையும் எடுக்க மாட்டேங்குறாக."

நாகஜோதி கூப்பிட்டாள். நான்கைந்து தடவை அடித்து நின்றது. விடாமல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.