மகுவேய்க்கு மூன்று நிமிடம்

மெல்பர்னுக்கு மேற்கே டார்னீட்டில், வாடகை வீட்டின் பின்பக்கப் புல்தரையில் நின்று அதேம் தன் எருதுப் பாட்டை முழுதாகப் பாடி முடித்த ஞாயிற்றுக்கிழமை, அந்த எருது வந்து நின்றது. காலை பதினொரு மணி இருக்கும். முப்பது வருடங்களுக்கு முன் சூடானில் சண்டை நடந்தபோது ஊர் மந்தையோடு யாரோ ஓட்டிக்கொண்டு போன அதே எருதுதான். வெள்ளைத் தலை, கறுத்த உடம்பு, கழுத்தில் மணி, கொம்பு நுனியில் குஞ்சம். அந்த நிறத்து எருதை அவன் இனமான டிங்காக்காரர்கள் மகுவேய் என்பார்கள். மீசை அரும்பிய வயதில் அப்பா அதைக் கையில் பிடித்துக் கொடுத்த நாளிலிருந்து அதேமையும் சொந்தபந்தமெல்லாம் மகுவேய் என்றுதான் கூப்பிட்டது. துணி காயப்போட வந்த அவன் மனைவி அலுவெல், கூடையை இடுப்பிலிருந்து இறக்காமல் பார்த்தாள். “அவேங் அப்பா, வந்ததுதான் வந்துச்சு, இந்தப் புல்லு இதுக்கு எத்தனை நாளைக்கு? அப்புறம் தரைவிரிப்பத் திங்கச் சொல்லப்போறீங்களா?” என்றாள்.

முளை அடித்துக் கயிறு கட்டினார்கள். ஈ, கொசு அண்டாமலிருக்க ஊர் வழக்கப்படி அலுவெல் சாணத்தைக் காயவைத்து எரிக்க, அந்தப் புகை பொறுக்காத பக்கத்து வீட்டுக்காரர் நகராட்சிக்குச் சொல்லிவிட்டார். அதிகாரி வந்தார். உரிமையாளர் பெயர் கேட்டார், மகுவேய் என்றார்கள். மாட்டின் பெயர் கேட்டார், அதற்கும் மகுவேய் என்றார்கள். இரண்டு கட்டத்திலும் ஒரே பெயரைக் கம்ப்யூட்டர் ஏற்கவில்லை. அந்தப் புகார் இன்றுவரை அப்படியே கிடக்கிறது.

அதேமுக்கு இறைச்சித் தொழிற்சாலையில் எலும்பிலிருந்து கறியைப் பிரிக்கிற வேலை. பத்தொன்பது வருடத்தில் ஒரு வெட்டுகூடப் பிசகியதில்லை என்று மேற்பார்வையாளரே சொல்லுவார். அவன் பாடுவான் என்பது மட்டும் அங்கே யாருக்கும் தெரியாது. அவன் பாட்டைப் பற்றிக் கேள்விப்பட்டு வீடு தேடி வந்தவள் ருதெண்டோ. சிறுமியாக ஜிம்பாப்வேயின் ஹராரேயிலிருந்து வந்து, வளர்ந்து, வருடாவருடம் ஆப்பிரிக்கக் கலை வாரம் நடத்துகிறவள். கவிதை, ஓவியம், உடை அலங்காரம், டிஜே, நாடகம் என்று எல்லாவற்றையும் ஒரே மேடையில் ஏற்றிவிட வேண்டும் அவளுக்கு. நல்ல பெண். கெட்டவளாக இருந்திருந்தால் கதவைச் சாத்தியிருக்கலாம்.

“பாட்டு பிரமாதம்ண்ணே. ஆனா நாப்பது நிமிஷம் தாங்காது. பதினஞ்சுல முடிச்சிருங்க.”

“ஊர்ல வெயில் சாயுற வரைக்கும் உக்காந்து கேப்பாங்கம்மா.”

“ஊர்ல பார்க்கிங்குக்கு நேரம் கணக்கு கெடயாதேண்ணே.”

அவன் ஒப்புக்கொண்டது மகள் அவேங்குக்காக. அப்போது அவளுக்குப் பதிமூன்று வயது. வீட்டில் அவன் பாட ஆரம்பித்தால் அறைக்கதவைச் சாத்திக்கொள்வாள். எருது வந்து நின்றதுகூட அவளுக்கு வெட்கமாகத்தான் இருந்தது. விளக்கு வெளிச்சத்தில், நாலு பேர் கைதட்ட நின்று பாடினால் கேட்பாள் என்று நம்பினான். எருதின் ஒவ்வொரு உறுப்புக்கும் பாட்டில் அடிகள் உண்டு. கடைசியில் வருகிற வாலையும் பின்னங்காலையும் வெட்டினான். மறுநாள் காலை புல்தரையில் மகுவேய் வாலும் பின்னங்காலும் இல்லாமல் இரண்டு காலில் நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தது. விழவில்லை. ஈதான் மொய்த்தது. ஷிப்டுக்குக் கிளம்பும் முன் தினமும் ஒரு துண்டை வைத்துக்கொண்டு அதேம் ஈ ஓட்டினான்.

அடுத்த வருடம் ஏழு நிமிடம் என்றாள் ருதெண்டோ. வயிறும் திமிலும் போயின. “ஃபேக்டரியில வெட்டுறது பத்தலையா? வீட்டுலயும் வெட்டணுமா?” என்று அலுவெல் கேட்டாள். முதல் வருடம் முன்வரிசையில் உட்கார்ந்து அவேங் கைதட்டியதை அவன் கண்ணால் பார்த்திருந்தான். அந்தக் கைதட்டலுக்கு அவன் எதையும் கொடுத்திருப்பான். கொடுத்தான்.

மூன்றாம் வருடம் மூன்று நிமிடம், கூடவே ஒரு டிஜே. பல்லவி மட்டும் போதும் என்றார்கள். பல்லவியில் இருப்பது எருதின் பெயரும் கொம்பும் மணியும்தான். கொம்பைப்போல இரண்டு கைகளையும் தலைக்கு மேலே வளைத்து அவன் நின்றபோது அரங்கமே எழுந்து நின்றது. கண்ணாடியில் கேடயம் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால், தலை இருந்த உயரத்தில் குஞ்சம் கட்டிய இரண்டு கொம்புகளும், அதற்குக் கீழே ஒரு மணியும் மட்டும் காற்றில் நின்றன. அந்தப் பல்லவி அந்தக் கோடை முழுக்க ஃபுட்ஸ்கிரே பக்கம் கார்களில் ஓடியது. மகுவேய் யாரோ ஒரு பெண் என்று நினைத்துப் பையன்கள் ஏங்கி ஏங்கிப் பாடினார்கள். அவேங்கும் தோழிகளோடு அதற்கு ஆடினாள். சமையலறை வாசலில் நின்று பார்த்த அதேமுக்குப் பெருமையாகவும் இருந்தது, அவமானமாகவும் இருந்தது.

பதினேழு வயதில் அவேங் தானாகவே வந்து கேட்டாள். “அப்பா, அந்தப் பாட்ட முழுசாப் பாடுங்க. பதிவு பண்ணிக்கிறேன். எனக்கு மட்டும்.” அவன் புல்தரைக்குப் போய்க் கைகளை உயர்த்தினான். பல்லவி வந்தது. வாயைத் திறந்தபடியே நின்றான். மறுபடியும் பல்லவிதான் வந்தது. மூன்றாம் முறையும் அதுவே. வயிறு எப்படி ஆரம்பிக்கும், திமிலுக்கு என்ன உவமை சொன்னான், ஒன்றும் நினைவில் இல்லை. வெட்டியது சுத்தமான வெட்டு.

“அப்புறம்?” என்றாள், போனை நீட்டியபடி.

“அவ்வளவுதாம்மா.”

“அம்மா நாப்பது நிமிஷம்னாங்களே.”

“அம்மா ஏதோ தப்பாச் சொல்றா.”

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அலுவெல் பாத்திரம் கழுவுவதை நிறுத்தினாள். அப்படியில்லை என்று அவள் சொல்லியிருக்கலாம். குழாயை மறுபடி திறந்துவிட்டாள்.

அந்தப் பொய்யைச் சொன்ன வாரத்தில் கொம்புகளும் போய்விட்டன. இப்போது மணி மட்டும் இருக்கிறது, அதுவும் கண்ணுக்குத் தெரிவதில்லை, சத்தம்தான் கேட்கிறது. உறவுக்காரர்கள் அவனை அதேம் என்றே கூப்பிடப் பழகிவிட்டார்கள். கயிற்றின் நீளத்துக்குப் புல் வட்டமாகக் குறைகிறது. மாலையில் வேலை முடிந்து வந்ததும் அவன் முளையைப் பிடுங்கி, புல் இருக்கிற பக்கமாக மாற்றி நடுகிறான்.