உறையாத சாறு

குடுவையில் என்ன இருக்கிறது என்று யார் கேட்டாலும் அர்மிந்தோ மாமா ஒரே பதிலைத்தான் சொல்வார். "காக்டெய்ல்."

எல்லோரும் சிரிப்பார்கள். எங்கள் பக்கத்தில் சர்க்கரையும் தண்ணீரும் சேர்த்த கிரான்பெரிப் பழச் சாற்றுப் பாட்டிலின் மேல் அந்த வார்த்தைதான் அச்சாகியிருக்கும். சின்னப் பிள்ளைகள்கூடக் காலையில் எழுந்ததும் காக்டெய்ல் கேட்டு அழும். அதில் ஒரு சொட்டு மது கிடையாது.

முதலாளி ஹாஸ்கெலும் சிரித்தார். "அந்தக் காக்டெய்லோட நிறுத்திக்கிட்டா சரிப்பா" என்றார்.

போன அறுவடையில் மாமா குடித்துவிட்டு அறுவடை வண்டியை மதகுக்குள் இறக்கியவர். அன்றைக்கே ஹாஸ்கெல் சொல்லிவிட்டார்: இனி ஒரு வாய் குடித்தாலும் வேலை போகும், வேலையோடு வந்த வீடும் போகும். அந்த வீட்டில்தான் நானும் அம்மாவும் இருக்கிறோம். அதன் பிறகு மாமா குடிக்கவில்லை என்றுதான் நினைத்திருந்தோம்.

எனக்குச் சந்தேகம் வந்ததே அந்த வார்த்தையால்தான். அம்மாவுக்குச் சர்க்கரை நோய். எங்கள் வீட்டுக்குள் காக்டெய்ல் வருவதில்லை. சர்க்கரை சேராத வெறும் சாறுதான் வாங்குவோம்; வாயில் வைத்தால் காது வரை கூசும். மாமா குடுவையில் ஊற்றிக்கொண்டு போனது அதைத்தான். பிறகு ஏன் காக்டெய்ல் என்றார்? எப்படி முகம் சுளிக்காமல் குடித்தார்?

அதற்குப் பிறகு எல்லாமே உறுத்தியது. பீங்கான் தட்டைக்கூட எடுத்து வைக்காதவர் குடுவையை மட்டும் தானே கழுவினார். மதியத்துக்குமேல் பாடினார். முகர்ந்து பார்த்தேன், புளிப்பு வாசனைதான் வந்தது. வோட்காவுக்கு வாசனை இல்லை என்று அம்மாவே ஒருமுறை சொல்லியிருக்கிறாள்.

அம்மாவிடம் சொல்ல வாயெடுத்தேன். அவள் பன்றிக்கறி வறுத்த சட்டியில் சாற்றை ஊற்றிக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"மாமா..."

"அவனுக்கு என்ன? நல்லாத்தானே இருக்கான். நீ போய் ஐஸ் வை. தண்ணி ஐஸ் போட்டா பானம் சப்புன்னு ஆயிடும், சாத்துலயே வை."

மறுநாள் சனிக்கிழமை, அறுவடை விருந்து. ஆரஞ்சுத் தோலும் பட்டையும் சேர்த்துக் கொதிக்கவிட்ட சாற்றில் இஞ்சி சோடாவைக் கலந்து அம்மா பெரிய கிண்ணத்தில் வைப்பாள். அதில் சிவப்பு ஐஸ் மிதக்க வேண்டும். ஒரு ஐஸ் தட்டில் வீட்டுப் பாட்டிலிலிருந்து ஊற்றினேன். மாமா குளிக்கப் போயிருந்தார். இன்னொரு தட்டில் அவர் குடுவையில் மிஞ்சியிருந்ததை ஊற்றினேன். இரண்டும் ஒரே பாட்டில் சாறுதான்.

காலையில் முதல் தட்டு கல்லாக இருந்தது. இரண்டாவதில் கரண்டி இறங்கியது. கஞ்சி மாதிரிக் கொழகொழவென்று. மது கலந்தால்தான் இப்படி உறையாமல் நிற்கும்.

மாமா மார்பு வரை ஏறும் ரப்பர் கால்சட்டையோடு சமையலறைக்கு வந்தார். அறுவடை வண்டிச் சாவியை மேசைமேல் வைத்துவிட்டுக் குடுவையைத் தேடினார். வெளியே ஹாஸ்கெலின் வண்டி ஹாரன் அடித்தது.

தட்டை அவர் முன்னால் நகர்த்தினேன்.

"என்ன ஜுல்மீரா, காலைலயே ஐஸ்கிரீமா?"

"உங்க குடுவையில இருந்தது."

"உங்க அம்மாவோட ஐஸ் பெட்டி பழசு. அதுல நான் படுத்தாக்கூட உறைய மாட்டேன்."

மற்றத் தட்டைத் தலைகீழாகக் கவிழ்த்தேன். கட்டிகள் மேசையில் டக்டக்கென்று விழுந்து உருண்டன. மாமாவின் சிரிப்பு நின்றது.

"யார்கிட்ட சொன்ன?"

யாரிடமும் இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"அப்ப சொல்லாத. இன்னும் ரெண்டே வயல்தான் பாக்கி. வீடு போனா உங்கம்மாவக் கூட்டிக்கிட்டு எங்க போவ?"

அதைத்தான் இரவெல்லாம் நினைத்திருந்தேன். ஆனால் அறுவடைக்காக நீர் நிரப்பிய வயலில் மாமா வண்டி ஓட்டும்போது, அதற்கு முன்னால் இடுப்பளவு நீரில் கூட வேலை செய்யும் நெலோ நடப்பான், பள்ளத்தைத் தடவிப் பார்த்துச் சொல்ல. தண்ணீர் முழுக்கப் பழம் மிதக்கும். அதன் கீழே ஒருவன் விழுந்தால் தெரியாது.

"முன்னாடி நெலோ நடக்கிறான் மாமா." சாவியை எடுத்துக் கையில் மூடிக்கொண்டேன்.

ஹாரன் மறுபடி அடித்தது. அம்மா உள்ளே வந்தாள். எங்கள் இருவரையும் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள். ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தாள். நெடுநேரம் விழுங்கவில்லை.

"எப்போலேருந்துடா?"

"ஆகஸ்ட்." மாமா நாற்காலியில் உட்கார்ந்து ரப்பர் கால்சட்டையைக் கழற்ற ஆரம்பித்தார். கொக்கி கழலவில்லை. அம்மா குனிந்து கழற்றிவிட்டாள்.

"ஹாஸ்கெல்கிட்ட நான் போய்ச் சொல்லட்டுமா?" என்றாள்.

"வேணாம். நானே சொல்றேன்."

காலுறையோடு சரளைக்கல் மேல் நடந்து போனார். சன்னல் வழியாகப் பார்த்தோம். ஹாஸ்கெல் வண்டிக் கண்ணாடியை இறக்கினார். மாமா பேசினார். ஹாஸ்கெல் எஞ்சினை அணைத்தார்.

மாமா திரும்பி வந்தார். "வேலை போச்சு. கிறிஸ்துமஸ் வரைக்கும் வீட்ல இருக்கலாமாம்."

அம்மா அடுப்பை அணைத்துவிட்டு மேல்கோட்டை எடுத்தாள்.

"ஷூவைப் போடு. சர்ச் ஹால்ல குடியை விட நினைக்கிறவங்களோட சனிக்கிழமை கூட்டம் பத்து மணிக்கு. நானே உன்னக் கொண்டுபோய் விடுறேன்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீ பானத்தைப் பாத்துக்க."

அவர்கள் போனதும் சாவியை வேலியோரம் நின்ற நெலோவிடம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, மாமா வரவில்லையா என்று கேட்டான். நான் பானத்தைப் பார்க்க உள்ளே வந்துவிட்டேன்.