சாரம் கட்டின போஞ்சி

நான்கு பச்சைப் போஞ்சிக் காய்களைச் சேர்த்துப் பிடித்து, இடுப்பில் இறைச்சிச் சீவலைச் சுற்றி, ஈர்க்குக் குச்சியால் குத்தித் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தபோது நடு அறையிலிருந்து அம்மாவின் குரல் கேட்டது.

"பிள்ளை, இஞ்சை ஒருக்கா வா."

பால் பொங்குகிறது என்று சொல்லும் அதே குரல்தான். கிருசாந்தி கையிலிருந்ததைச் சுற்றி முடித்துவிட்டே எழுந்தாள்.

அப்பா யோகலிங்கம் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். அம்மா கமலேஸ்வரி தேத்தண்ணிக் கோப்பையோடு பக்கத்தில் நின்றாள்.

"எழுப்பிறன், எழும்பிறாரில்லை."

கிருசாந்தி குனிந்து அவருடைய தோளைத் தொடக் கையை நீட்டினாள். நீட்டிய கை பாதியில் நின்றது. விரல்களெல்லாம் பன்றிக் கொழுப்பு. அப்பா வாழ்நாளில் பன்றி இறைச்சி தின்னாதவர். அவள் கிணற்றடிக்கு ஓடினாள். சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். மணந்து பார்த்தாள். புகை மணம் போகவில்லை. மறுபடியும் தேய்த்தாள்.

திரும்பி வந்தபோது அம்மா கோப்பையை நிலத்தில் வைத்துவிட்டு அவருடைய பாதங்களைப் பிடித்துக்கொண்டு இருந்தாள்.

"கால் குளிர்ந்து போச்சு," என்றாள் அம்மா. பிறகு மகளின் ஈரக் கைகளைப் பார்த்தாள். "கழுவாட்டி என்ன, பிள்ளை."

கிருசாந்தி கைகளைச் சட்டையில் துடைத்தாள்.

விடிந்த கையோடு அவர் குசினி வாசலுக்குக் கதிரையை இழுத்துக்கொண்டு வந்து இருந்தவர். தென்னோலையிலிருந்து ஈர்க்குகளை வகுந்தெடுத்து, சின்னக் கத்தியால் சீவி, ஒரு பக்கத்தைக் கூராக்கி, பிளாஸ்டிக் கோப்பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார். நெஞ்சு நோவுக்கு வருத்தக் குளிசை போட்டுக்கொண்டிருந்த மனிசன்தான், ஆனால் இன்றைக்கு நோகிறது என்று ஒன்றும் சொல்லவில்லை. "இவ்வளவும் காணுமோ?" என்று கேட்டார். "காணும் அப்பா." "அப்ப நான் ஒருக்காச் சரியிறன்." அவ்வளவுதான், எழும்பிக் கட்டிலுக்குப் போனார்.

புருசன் வீட்டை விட்டு அவள் விசுவமடுவுக்குத் திரும்பி வந்த நாளிலும் அவர் அதிகம் கதைக்கவில்லை. "அறையைக் கூட்டி வச்சிருக்கு" என்று மட்டும் சொன்னார். அதன் பிறகு அவள் கிளிநொச்சியில் கண்ணிவெடி அகற்றுகிற நிறுவனம் ஒன்றின் விடுதிக் குசினியில் வேலை செய்தாள். வெள்ளைக்காரருக்குப் பின்னேரங்களில் குடிவகையோடு கடிக்க ஏதாவது வேண்டும். போஞ்சியைக் கொதிதண்ணியில் போட்டு, நிறம் மாற முன்னம் எடுத்துக் குளிர்தண்ணியில் அமிழ்த்தி, பேக்கன் என்று கடையில் விற்கிற உப்பும் புகையும் ஏறின பன்றிச் சீவலைச் சுற்றிப் பொரித்துக் கொடுப்பது அங்கே பழகினது. விடுதி மூடின பிறகு வீட்டிலிருந்து கொண்டாட்டங்களுக்குச் செய்து கொடுக்கத் தொடங்கினாள். முதல்முறை தட்டை எட்டிப் பார்த்த அப்பா, தன் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தைத் தொட்டுக்கொண்டு, "என்னடி, போஞ்சிக்குச் சாரம் கட்டி விட்டிருக்கிறாய்," என்றார். வீட்டில் அதற்கு அந்தப் பெயரே நின்றுவிட்டது.

இன்றைக்குப் புதுக்குடியிருப்பில் தர்மிளா அக்காவின் புருசனுக்கு ஐம்பதாவது பிறந்தநாள். பின்னேரம் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும்.

அண்ணன் அனோஜனுக்கு வவுனியாவுக்குச் சொல்லியாகிவிட்டது. வெளிநாட்டிலிருந்து வர ஒருவரும் இல்லை. பிரேதத்தை இன்றைக்கே எடுப்பது என்று முடிவாயிற்று. அதன் பிறகுதான் கிருசாந்தி தர்மிளாவுக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"அக்கா, அப்பா மோசம் போயிட்டார்."



"எப்ப பிள்ளை?"

"இப்ப, காலமை. நித்திரையில."

"சாமான் செய்து முடிஞ்சுதோ?" என்று கேட்டுவிட்டுத் தர்மிளா உடனே தடுமாறினாள். "நான் என்ன கேக்கிறன், பாரும். மனசில வச்சிராதையும்."

"அரைவாசி சுத்தியாச்சு, அக்கா. ஆனா செத்த வீட்டுத் துடக்குப் பட்ட சாமான். உங்களுக்குச் சரிவராது."

"அதை விடும். எத்தனை மணிக்கு எடுக்கிறீங்கள்? நான் வாறன்."

முற்றத்தில் நிழலுக்குத் தறப்பாள் கட்டத் தொடங்கினார்கள். அப்பாவின் தங்கை விமலேஸ்வரி மாமி வந்து தமையனின் தலைமாட்டில் இருந்து அழுதாள். அழுது முடித்து, தண்ணி குடிக்கக் குசினிக்குள் வந்தவள் தட்டைக் கண்டாள்.

"உதென்ன, பண்டியோ?"

"ஓம் மாமி."

"பிரேதம் கிடக்கிற வீட்டில உதை வச்சிருக்கிறதோ? பின்னால கொண்டுபோய்த் தாட்டு விடு."

மாமி கோபமாகச் சொல்லவில்லை. யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். கிருசாந்தி தட்டைத் துணியால் மூடி, மண்வெட்டியையும் எடுத்துக்கொண்டு வாழையடிக்குப் போனாள். அங்கே மண் இளக்கம். இரண்டு கொத்துப் போட்டால் போதும். ஆனால் அவள் மண்வெட்டியை மரத்தில் சாய்த்துவிட்டுத் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள்.

வேலிக்கு அப்பால் வடிவம்மா முற்றம் கூட்டிக்கொண்டிருந்தாள். அவளுடைய ஆட்கள் மலையகத்திலிருந்து வந்து இங்கே குடியேறியவர்கள். இருபது வருசமாக ஒரே வேலி.

"என்னாம்மா அது கையில?"

"தாட்டு விடப்போறன், அக்கா. மாமி சொன்னவா."

வடிவம்மா விளக்குமாற்றைப் போட்டுவிட்டு வேலியடிக்கு வந்து துணியைத் தூக்கிப் பார்த்தாள்.

"காலையில அப்பாரு ஒக்காந்து ஈர்க்கு சீவுனாரே, நான் பாத்தேன். அதை மண்ணுல போடவா? இங்கிட்டுக் குடு. ஒங்க வீட்டுல அடுப்பு மூட்டக்கூடாது, எங்க வீட்டுல மூட்டலாம்ல. சொடலைக்கு வெறகு வெட்டப் போன ஆளுக காலையில இருந்து ஒண்ணும் திங்கல."

கிருசாந்தி வேலிக்கு மேலால் தட்டைக் கொடுத்தாள்.

"எண்ணெய் விடாதேங்கோ, அக்கா. அதிலயே கொழுப்பு உருகி வரும். சுத்தின நுனி கீழ இருக்கிற மாதிரி முதல்ல வையுங்கோ. அது ஒட்டின பிறகுதான் பிரட்டவேணும்."

"உப்பு?"

"வேண்டாம். இறைச்சியில இருக்கு."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே கண் நிறைந்தது. வடிவம்மா அதைப் பார்க்காதவள் போலத் திரும்பி நடந்தாள்.

வெயில் ஏறியபோது அண்ணன் வந்து சேர்ந்தான். அப்பாவைக் குளிப்பாட்டி, பட்டு வேட்டி உடுத்தி, நடு அறையில் கிடத்தியிருந்தார்கள். பெண்கள் சுற்றிவர இருந்தார்கள். அழுகை வந்துவந்து ஓய்ந்தது. அப்படி ஓய்ந்த ஒரு நேரத்தில்தான் காற்று வேலிப் பக்கமிருந்து திரும்பியது. கொழுப்பு உருகும் மணமும் புகை மணமும் யன்னலால் உள்ளே வந்தன.

மாமி நிமிர்ந்தாள். "ஆர் உது? செத்த வீட்டுக்குப் பக்கத்தில இறைச்சி பொரிக்கிறது?"

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒருத்தி சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தினாள். கிருசாந்தி எழும்பி யன்னலைச் சாத்தப் போனாள்.

"விடு, பிள்ளை," என்றாள் அம்மா.

காலையிலிருந்து அம்மா சேர்ந்தாற்போல இரண்டு சொல் பேசவில்லை. எல்லாரும் திரும்பினார்கள்.

"அவருக்கு உந்த மணம் பிடிக்கும்."

"அண்ணைக்கோ? அவர் பண்டி தின்னமாட்டாரே, மச்சாள்," என்றாள் மாமி.

"தின்னமாட்டார். இவள் பொரிக்கிற நேரம் பாத்துக் கதிரையை இழுத்துக்கொண்டு போயிடுவார். நான் கேட்டனான், தின்னாத சாமானுக்கு ஏன் போய்க் காவல் இருக்கிறியள் எண்டு. மணந்தால் பாவமில்லையாம்."

மூலையில் இருந்த ஒரு கிழவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள். மாமி தமையனின் முகத்தைப் பார்த்தாள். அவளுடைய வாயும் கோணியது, அது சிரிப்பிலிருந்து திரும்பி அழுகையாக முடிந்தது.

கிருசாந்தி யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குசினி வாசலில் அப்பா வந்து இருக்கும்போதெல்லாம், இந்த நாற்றத்தை வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டேனே என்று அவள் கூச்சப்பட்டிருந்தாள். அவசரம் அவசரமாகப் பொரித்து முடிப்பாள். ஒருநாளும் அவரிடம் கேட்டதில்லை.

வெளியே, வேலியோரப் பூவரசின் நிழலில் விறகு வெட்டிவிட்டு வந்தவர்கள் குந்தியிருந்தார்கள். வடிவம்மா பாணும் பொரித்த போஞ்சித் தட்டும் கொடுத்துவிட்டிருந்தாள். கதிர்காமநாதன் மட்டும் நின்றுகொண்டிருந்தார். அப்பாவின் பக்கத்து வயல்காரர், வாய்க்கால் தண்ணிக்குச் சண்டை பிடிப்பதும் ஒன்றாகத் தேத்தண்ணி குடிப்பதும் அவரோடுதான். கிருசாந்தி தண்ணிப் போத்தலோடு வந்தாள். அவர் ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுதானோ, பிள்ளை, சாரம் கட்டினது?"

"ஓம் மாமா."

"தேத்தண்ணிக் கடையில இருந்து உன்ர அப்பன் இதைப் பற்றி ஒரே கதை. வாயில வைக்காமலே ருசி சொல்லுவான். வெளியில மொறுமொறு எண்டு இருக்குமாம், உள்ள போஞ்சி பச்சையாக் கடிபடுமாம். நீ தின்னாத ஆள், உனக்கென்னண்டு தெரியும் எண்டு கேட்டால், தின்னிறவையின்ர சத்தம் கேக்குமாம்."

அவர் ஈர்க்கை உருவிவிட்டுக் கடித்தார். மெதுவாக மென்றார்.

"சரியாத்தான் சொல்லியிருக்கிறான்," என்றார் கடைசியில். தண்ணிப் போத்தலை வாங்கிக்கொண்டு, முகத்தை அப்பால் திருப்பிக் குடித்தார்.

பறைமேளம் வந்தது. வாய்க்கரிசி போட்டார்கள். தர்மிளா விருந்து வீட்டை விட்டு வந்து, வெள்ளைச் சேலையில் பின்வரிசையில் நின்றாள். அப்பாவைத் தூக்கும்போது கிருசாந்தி குனிந்து அவருடைய கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்தாள். யாரும் அவசரப்படுத்தவில்லை. மாமிதான் பிறகு அவளுடைய தோளைப் பிடித்து மெல்ல விலக்கினாள்.

பெண்கள் வாசல் படலையோடு நின்றுவிட்டார்கள். வீதியில் வந்த பஸ் ஒன்று ஓரமாக நின்று வழிவிட்டது. சாரதி இயந்திரத்தை நிறுத்தியிருந்தார். மேளச் சத்தம் குளத்துக் கட்டுப் பக்கம் திரும்பிய பிறகுதான் பஸ் மறுபடி உறுமிப் புறப்பட்டது.

வீட்டைக் கழுவி விட்டார்கள். மாமி பாய்களை வெயிலில் போட்டாள். கிருசாந்தி அம்மாவைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அம்மா கல்லில் குந்தி, நெஞ்சுக்கு மேல் கட்டிய குறுக்குக்கட்டை இறுக்கிக்கொண்டாள். முதுகெலும்பு ஒவ்வொன்றாகத் தெரிந்தது. முதல் வாளியை ஊற்றியபோது அம்மா மூச்சை உள்ளே இழுத்தாள். தண்ணீர் தலையால் வழிந்து, கல்லைச் சுற்றி, வாய்க்காலால் ஓடிக் கத்தரிப் பாத்திக்குள் போனது. பாத்தியில் மண் கிளறிக்கொண்டிருந்த கோழி ஒன்று காலைத் தூக்கிப் பார்த்துவிட்டு விலகி நின்றது.

"குளிருதோ அம்மா?"

"இல்லை. இன்னும் ஊத்து."

கிருசாந்தி வாளியைக் கிணற்றுக்குள் விட்டாள்.