மஞ்சள் முகத்துக்குக் கீழே எழுதியிருந்தது

...எஸ்தோய் திரிஸ்தே, அதாவது நான் வருத்தமாக இருக்கிறேன், உதடு கீழே வளைந்த மஞ்சள் முகத்துக்கு அடியில் இதைத்தான் அச்சடித்தோம், திருத்தங்கல் பிரஸ்ஸில் ஒரு மாதமாக எனக்கு இதே வேலை, எங்கோ ஸ்பானிஷ் பேசுகிற ஊரில் சின்னப் பிள்ளைகள் பள்ளிக்கூடச் சுவரில் மாட்டுகிற படம், ஆர்டரோடு வந்த சிடியில் ஒரு பொம்பளை ஒவ்வொரு முகத்துக்கும் சொல்லைச் சொல்லுவாள், பிள்ளைகள் திருப்பிச் சொல்லும், சரிபார்க்கிறேன் பேர்வழி என்று நானும் திருப்பிச் சொல்லுவேன், கண்ணீர்த் துளியில் நீலம் கூடிப்போச்சு என்று மிஷினை நிறுத்தச் சொன்னதும் நான்தான், அங்கே இதைப் பாடமாகவே சொல்லிக்கொடுக்கிறார்கள், எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது, சிவகாசி பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன், ஒரே மகன் பைசல் மஸ்கட்டுக்கு வேலைக்குப் போகிறான், மதுரை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டான், போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை...

எப்படி வரும், எங்கள் வீட்டில் மீசை முளைத்த மகனிடம் அத்தா நேராகப் பேசுவதில்லை, என் அத்தாவும் அப்படித்தான், நடுவில் என் பெண்சாதி பல்கீஸ் இருந்தாள், அவனச் சாப்பிடச் சொல்லு என்பேன், அவன் பக்கத்திலேயே இருப்பான், அத்தா சாப்பிடச் சொல்றாகடா என்று அவள் சொன்னால்தான் கை கழுவுவான், அவளுக்குச் சிரிப்பு வரும், நான் மவுத்தாப் போனா இது ஊமை வீடுதேன் என்பாள், நோன்புக்கு முந்தி மவுத்தாகிவிட்டாள், அடக்கம் முடிந்ததற்கப்புறம் அவன் சோறாக்கித் தட்டை மூடி வைப்பான், நான் தின்றுவிட்டுக் கழுவி வைப்பேன், அதுதான் பேச்சு, விசா வந்ததே மச்சினன் சொல்லித்தான் தெரியும்...

தெங்கோ மியேதோ, எனக்குப் பயமாக இருக்கிறது, அந்தப் பாஷையில் கூச்சமே இல்லாமல் வருகிறது, தமிழில் முதல் எழுத்தைக்கூடத் தாண்டவில்லை, ஏன், இப்போது சொல்லிப் பார்த்தால் என்ன, அவனுக்கா புரியப்போகிறது, புரியாது என்பதால்தான் எனக்கு வருகிறதோ... தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டான், டிரைவர் ஏறிவிட்டார், ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பெரியவரிடம் பைசல் குனிந்து ஏதோ சொன்னான், யாரோ விஸ்வநத்தத்துப் பக்கம் வெள்ளாமை பார்க்கிற சம்சாரி போலிருந்தது, அவர் தலையை வெளியே நீட்டினார்.

"பாய், வெயில்ல நிக்காம ஒங்கள வீட்டுக்குப் போகச் சொல்றாப்ல."

பைசல் என்னைப் பார்க்கவில்லை, முன் சீட்டுக் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தான், நானும் அவன் வயதில் அப்படித்தான் எதையாவது பார்த்துக்கொண்டு நிற்பேன், நல்ல சொத்து கொடுத்திருக்கிறேன் பிள்ளைக்கு...

"மகனா? ரெண்டு பேருக்கும் எதும் சண்டையா? என்ன சொல்லணும், சொல்லுங்க," என்றார் அவர், வண்டி நகர்ந்தது, கூடவே நடந்தேன், அந்த முன்பின் தெரியாத மனுஷனைப் பார்த்ததும் என் வாய் திறந்துகொண்டது.

"போய்ச் சேந்ததும் போன் பண்ணச் சொல்லுங்க."

அவர் திரும்பிச் சொன்னார், பைசல் தலையாட்டினான், பஸ் வளைந்து போய்விட்டது, பண்ணுவான், சொன்னால் செய்கிற பிள்ளை, வீட்டில் மணியடிக்கும், நான்தான் எடுக்க வேண்டும், நடுவில் யாரும் இருக்க மாட்டார்களே...