எல்லாம் போன்லயே இருக்குப்பா

1

இந்தக் கதை என்னுடையது இல்லை. ஒரு கண்ணாடிக் கடையில் கிடைத்தது.

கண்ணில் சொட்டு மருந்து விட்டு, அது வேலை செய்வதற்காக என்னைக் கடையின் உள்ளறையில் உட்கார வைத்திருந்தார்கள். எதிரே இருக்கிற எல்லாமே கலங்கலாகத் தெரிகிற நேரம் அது. அப்போதுதான் கண் சோதிக்கிறவர் பேச ஆரம்பித்தார். என் முகம் அவருக்குத் தெரிந்தது, அவர் முகம் எனக்குத் தெரியவில்லை. அந்தத் தைரியத்தில்தான் வாயைத் திறந்திருப்பார்.

"நீங்க எழுதுறவர்தானே சார்? இதை எழுதிடாதீங்க."

எழுதுகிறவனிடம் ஒருவர் இப்படிச் சொன்னால் உண்மையில் எழுதச் சொல்கிறார் என்றுதான் அர்த்தம் என எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். பாதிக் கதையில் அவர் குரல் உடைந்தது. ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன கேட்டேன் தெரியுமா? "உங்க வீட்டு பாத்ரூம் கதவு என்ன கலர்?"

பாவம், சொன்னார். வெட்கக்கேடு. அந்த நிறம் இந்தக் கதையில் வராது. எனக்கு நானே போட்டுக்கொண்ட அபராதம் அது.

2

ஆரம்பங்கள்.

முதல் ஆரம்பம்: "ஒரு காலத்தில் பாட்டு என்பது கையில் எடுத்துத் தூசு தட்டக்கூடிய ஒரு பொருளாக இருந்தது, அதை இரவல் கொடுத்து, திரும்பி வராமல், அதற்காகவே ஒரு நட்பை முறித்துக்கொண்டு—"

நிறுத்திவிட்டேன். பழசை நினைத்து உருகுவது எனக்கு நன்றாக வரும். நன்றாக வருவதால்தான் வேண்டாம்.

இரண்டாவது ஆரம்பம் கோபமாக இருந்தது: "வீட்டிலிருக்கும் பாட்டை ஒருவன் எடுத்துப்போக வேண்டுமானால் பூட்டை உடைக்க வேண்டும். சத்தம் கேட்கும், அக்கம்பக்கம் எழுந்து வரும். ஆப்பில் இருக்கும் ஆல்பத்தை எடுத்துப்போக எந்தச் சத்தமும் வேண்டாம். எங்கோ இரண்டு கம்பெனிகளுக்குள் ஒப்பந்தம் முடிந்தால் போதும். திருட்டு என்று புகாரும் கொடுக்க முடியாது, ஏனென்றால் முதல் நாளே படிக்காமல் 'சம்மதம்' என்று அழுத்தியவர்கள் நாம்."

இதில் ஒரு வார்த்தையும் தப்பில்லை. ஆனால் கம்பெனியைத் திட்டிக்கொண்டே இருந்தால் கண் சோதிக்கிறவரைத் திரும்பிப் பார்க்க வேண்டியதே இல்லை. அவருக்கும் அது வசதி, எனக்கும் வசதி. (அவரும் கதையைக் கம்பெனியைத் திட்டித்தான் ஆரம்பித்தார்.)

மூன்றாவது ஆரம்பம்: "அப்பா பாத்ரூம் வாசலில் நின்றுகொண்டிருந்தார்."

இது தேறும். ஆனால் அவர் ஏன் நிற்கிறார் என்று முதலில் சொல்லியாக வேண்டும்.

3

இனி கண் சோதிக்கிறவரை 'அவன்' என்று எழுதப் போகிறேன். நான் வெறும் வாடிக்கையாளனாக இருந்தால் மரியாதை கொடுக்கலாம். கதைக்குள் கூட்டிவந்த பிறகு கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அவனுடைய அப்பா கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். ஊரில் பாதிப்பேர் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். பயிற்சி வண்டியில் எப்போதும் ஒரே சிடிதான் ஓடும். யாரோ பேர் தெரியாத ஒரு குழு போட்ட ஒரே ஆல்பம். பாட்டில் வார்த்தையே கிடையாது, தாளமும் வாத்தியமும்தான். வார்த்தை இருந்தால் கற்றுக்கொள்கிறவர் கூடவே பாட ஆரம்பித்து பிரேக்கை மறந்துவிடுவார் என்பது மாஸ்டரின் கட்சி. முதல் பாட்டில் வண்டியை நகர்த்த வேண்டும். அடுத்ததில் கியர். கிளட்சை எவ்வளவு மெதுவாக விட வேண்டும் என்பதற்கு மூன்றாவது பாட்டின் தாளத்தைத் தொடையில் தட்டிக் காட்டுவார். ரிவர்ஸ் எடுப்பதற்குத் தனியாக ஒன்று. சிரித்துக்கொண்டே ஏறியவர்கள் எல்லாம் ஒழுங்காக ஓட்டக் கற்றுக்கொண்டுதான் இறங்கினார்கள்.

பிறகு நரம்பில் நோய் வந்தது. கை நடுங்கியது. அதைவிட மோசம், நடந்துகொண்டே வருவார், வாசற்படி வந்ததும் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். மூளை 'போ' என்று சொல்லும், கால் கேட்காது. உடற்பயிற்சி சொல்லித்தர வந்த பெண்தான் ஒரு யோசனை சொன்னார்: "தாளம் இருந்தா இவங்களுக்குச் சில சமயம் கால் எழும். பழக்கமான பாட்டு ஏதாவது போட்டுப் பாருங்க."

போட்டார்கள். மூன்றாவது பாட்டில் கால் எழுந்தது. மாஸ்டர் கிளட்சை மெதுவாக விடுகிற மாதிரியே ஒரு காலை எடுத்து வைத்து, வாசலைத் தாண்டிப் போய்விட்டார். அன்றிலிருந்து சட்டைப் பையில் போன். நடுங்குகிற விரலால் அவரே அழுத்திக்கொள்வார், அவரே போய் வருவார்.

சிடி என்று சொல்லிவிட்டு போனுக்கு வந்துவிட்டேன், கவனித்தீர்களா? நடுவில் ஒரு விஷயத்தைத் தாண்டிக் குதித்தேன். அவனும் அப்படித்தான் குதித்தான்.

4

குதித்த இடம்.

அப்பாவைத் தன் அடுக்குமாடி வீட்டுக்குக் கூட்டிவந்த நாளில், அவருடைய சிடிப் பெட்டிகளையும் பிளேயரையும் அவன் பழைய பொருள் எடுப்பவனிடம் தூக்கிக் கொடுத்தான். மாஸ்டர் ஒன்றே ஒன்றை மட்டும் கையில் வைத்திருந்தார்.

"இது மட்டும் இருக்கட்டும்பா."

"எதுக்குப்பா இந்தக் குப்பை? எல்லாம் போன்லயே இருக்குப்பா."

"இதுவுமா?"

"இதுவும்தான். பாருங்க, டவுன்லோடும் பண்ணிட்டேன். பச்சையா அம்புக்குறி வந்துடுச்சுல்ல, இனிமே இது நம்மளுது."

அப்பா கொடுத்துவிட்டார். பிள்ளை படித்தவன், நாலு பேர் கண்ணைத் திறந்துவிடுகிறவன். சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.*

* அவன் பொய் சொல்லவில்லை. பச்சை அம்பு வந்தால் சொந்தம் என்று உண்மையாகவே நம்பினான். நானும் நம்பியிருந்தேன். இதை எழுதும்போதுதான் என் போனை எடுத்துப் பார்த்தேன். எதையெல்லாம் என்னுடையது என்று நினைத்துக்கொண்டிருந்தேன் என்று இங்கே சொல்லப் போவதில்லை.

5

அப்பா பாத்ரூம் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

மருமகள் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கிற வேலைக்குக் காலையிலேயே போய்விட்டாள். (கதையின் வசதிக்காக அவளை வெளியே அனுப்பிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். நிஜமாகவே வேலைக்குப் போகிறவள்.) அவன் கடைக்குக் கிளம்பி, சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். பாட்டுச் சத்தம் வரவில்லை என்பது கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது. வந்து பார்த்தபோது தரை நனைந்திருந்தது. மாஸ்டர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி நின்றிருந்தார். மகன் பக்கம் திரும்பவில்லை.

அவன் போனை வாங்கிப் பார்த்தான். ஆல்பத்தின் பேர் இருந்தது, எழுத்து மட்டும் வெளிறியிருந்தது. அழுத்தினால், 'இந்த ஆல்பம் இனி கிடைக்காது' என்று ஒரு வரி வந்து போனது. பச்சை அம்பைக் காணோம். என்ன நடந்தது என்று அந்த நிமிஷமே அவனுக்குப் புரிந்துவிட்டது. ஒரு சிடியை யார் கையிலிருந்து யார் வாங்கிப் பழைய பொருள்காரனிடம் தூக்கிக் கொடுத்தார்கள் என்பதும் கூடவே ஞாபகம் வந்தது.

அப்போது அப்பா சொன்னார்: "நான்தான் எதையோ அழுத்தித் தொலைச்சிட்டேன் போலருக்கு. கை ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது. அழிஞ்சு போச்சாப்பா?"

அவன் துண்டை எடுத்து அவர் காலைத் துடைத்தான்.

"பரவாயில்லப்பா. பாத்துக்கலாம்."

அவ்வளவுதான் சொன்னான். சொன்னதில் பொய்யான வார்த்தை ஒன்றுகூட இல்லை. ஆனால் ஒரு தப்பும் செய்யாத மனிதரை அவன் மன்னித்துவிட்டான்.

6

இந்த இடத்தில்தான் எனக்கு அவன்மேல் சந்தேகம் வந்தது. இவ்வளவு அன்பாகக் கால் துடைக்கிறவன் இப்படிச் செய்வானா? அவனைக் காப்பாற்றப் பார்த்தேன். "அவசரத்தில் அப்பா சொன்னது அவன் காதில் விழவில்லை" என்று ஒரு வாக்கியம் எழுதிப் பார்த்தேன். விழுந்தது. "அப்பா பிறகு மறந்துவிட்டார்" என்று எழுதிப் பார்த்தேன். அவர் மறக்கவில்லை. சாப்பிட உட்காரும்போதெல்லாம், "உனக்கு வீண் வேலை வச்சிட்டேன்" என்றார். அவன் கைதட்டித் தாளம் போட்டு அவரை நடத்திக் கூட்டிப்போனான். வேறு பாட்டுகள் போட்டுப் பார்த்தான். கால் நாலடி வந்து நின்றுவிடும்.

மனைவிக்குத் தெரியும்.

"மாமாகிட்ட சொல்லிட்டியா?"

"சொல்றேன்."

"எப்போ? அவர் அந்த விரலை அடிச்சுக்கிறார், பாத்தியா? நேத்து என் கண்ணு முன்னாடி, மேசை ஓரத்துல வச்சு."

"சொல்றேன்னு சொன்னேன்ல."

"நான் சொல்ல ரொம்ப நேரம் ஆகாது. ஆனா அது உன் வாயாலதான் வரணும்."

7

முடிவுகள்.

ஒரு முடிவில், மாஸ்டரிடம் ஓட்டக் கற்றுக்கொண்ட பெண் ஒருத்தி எங்கிருந்தோ அந்த சிடியோடு வந்து நிற்கிறாள். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. எல்லாரும் அழுதுகொண்டிருக்கிற நேரம் பார்த்து மகன் நைசாகத் தப்பித்துவிடுகிறான். கிழித்துப் போட்டேன்.

இன்னொன்றில் அவன் உண்மையைச் சொல்கிறான், அப்பா சிரித்து, "அட, இவ்வளவுதானா" என்கிறார். எத்தனை தடவை எழுதினாலும் அப்பா அந்தப் பெருந்தன்மையோடுதான் வருகிறார். அது அவருடைய குணம் இல்லை, மகனுக்கு நான் காட்டுகிற சலுகை. அதுவும் போயிற்று.

மூன்றாவதை நான் கற்பனை செய்யவில்லை. ஒருநாள் ஆல்பம் தானாகவே திரும்பி வந்துவிட்டது. அட்டைப்படம் மட்டும் வேறு. எடுத்தபோதும் யாரும் கேட்கவில்லை, கொடுத்தபோதும் யாரும் சொல்லவில்லை.

"அப்போ பிரச்சினை முடிஞ்சுதே" என்றேன் உள்ளறையில்.

"நானும் அப்படித்தான் சார் நெனச்சேன்."

8

பாட்டைப் போட்டதும் மாஸ்டர் எழுந்து, வாசலைத் தாண்டி, திரும்பியும் வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"எப்படிப்பா சரி பண்ணுன?"

"அது... வந்துடுச்சுப்பா."

"கெட்டிக்காரன்டா நீ. இனிமே நான் இதுல கை வைக்க மாட்டேன்."

பேச்சுக்குச் சொல்கிறார் என்று அவன் நினைத்தான். சில நாள் கழித்து மனைவி அப்பாவின் கையைத் தூக்கித் தோலைக் கிள்ளிப் பார்த்தாள். அது மெதுவாகத்தான் படிந்தது, உடம்பில் தண்ணீர் வற்றியிருந்தது. மேசையில் காலையில் நிரப்பி வைத்த தண்ணீர் அப்படியே இருந்தது. அவர் பகலில் தண்ணீர் குடிப்பதை நிறுத்தியிருந்தார். குடித்தால் போக வேண்டியிருக்கும். போக வேண்டுமென்றால் போனைத் தொட வேண்டும். போன் அவர் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. மகன் பாடுபட்டுச் சரிசெய்ததை மறுபடியும் கெடுத்துவிடக் கூடாதென்று, கைகளை மடியில் கோத்துக்கொண்டு, நாள் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எடுத்து அழுத்துங்கப்பான்னு சொல்லிப் பாத்தேன் சார். 'வேணாம்பா, என் கை சரியில்ல'ங்கறார்."

"நீங்க சொல்லிட்டீங்களா, அவர் காரணம் இல்லைன்னு?"

என் பார்வை தெளிவதற்குள் அவர் எழுந்து அடுத்தவரைக் கூப்பிடப் போய்விட்டார். அதனால் இதற்கு மேல் எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி எழுதவும் கூசுகிறது.

கடை மூடிவிட்டு அவன் வீட்டுக்கு வருகிறான் என்று வைத்துக்கொள்வோம். சாவி போட்டுக் கதவைத் திறக்கிறான். உள்ளே இருட்டத் தொடங்கியிருக்கிறது, விளக்குப் போட யாரும் எழவில்லை. நாற்காலியிலிருந்து குரல் வருகிறது: "வந்துட்டியா? கொஞ்சம் அதைப் போடறியாப்பா?"

அடுத்த வரி அவனுடையது. நான் எழுதவில்லை, நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். பாட்டை மட்டும் போட்டுவிட்டு இன்றைக்கும் கடத்தலாம். "அப்பா, அது நீங்க இல்ல" என்று ஆரம்பிக்கவும் செய்யலாம். அப்படி ஆரம்பித்தால் அவர், "அப்ப ஏன்பா இத்தனை நாளா சொல்லல?" என்று கேட்பார், அதற்கும் நீங்களேதான் பதில் எழுத வேண்டும். எதுவானாலும் சீக்கிரம் யோசியுங்கள். அவர் காலையிலிருந்து அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.